தமிழ் விசைப்பலகைகளும் விரல்களின் வசதியும்

தமிழ் விசைப்பலகை என்பது, கணினியில் தமிழ் எழுத்துகளை உள்ளிடுவதற்காக எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வகுத்த ஒழுங்கைக் குறிக்கும். கடையில் விலை கொடுத்து வாங்கும் பலகையின் மேல் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே இருக்கும். தமிழ் அதற்குள் மென்பொருளாக வந்து அமர்கிறது. எனவே நாள்தோறும் தமிழில் தட்டச்சு செய்யும் ஒருவர் 'வசதியான விசைப்பலகை எது?' என்று கேட்கும்போது உண்மையில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். கைக்கு இதமான பொருள் எது என்பது ஒன்று. அதன் மேல் எழுத்துகள் எந்த ஒழுங்கில் அமைய வேண்டும் என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இரண்டாவது கேள்வி அநேகமாக எழுவதே இல்லை. தமிழருக்கு அது எழுகிறது. அதற்குக் குறைந்தது நான்கு விடைகளும் உள்ளன: தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை, இன்ஸ்கிரிப்ட், தமிழ்99.

இந்த நான்கும் யாரோ ஒருவருடைய வசதிக்காகத் தோன்றியவைதான். யாருடைய வசதி என்பதில்தான் வேறுபாடு. ஒருமுறை பழகிய ஒழுங்கை விரல்கள் எளிதில் விடுவதில்லை என்பதால், மாணவர் ஒருவர் தொடக்கத்தில் செய்யும் தேர்வு பல ஆண்டுகள் அவருடன் வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு தேர்வது நல்லது.

பலகை வந்த வழி

இன்றைய கணினிப் பலகையின் உருவம் அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்து வந்தது. அங்கே செய்தித்தாள் ஆசிரியராக இருந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ், தம் நண்பர்களுடன் சேர்ந்து 1868இல் தட்டச்சுப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கி, தையல் இயந்திரம் ஆகியவற்றைச் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1873இல் அதை உருவாக்கும் உரிமையை ஏற்றது. 1874இல் பொறி விற்பனைக்கு வந்தது. அந்த முதல் பொறியில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. ஒரே விசையில் இரண்டு எழுத்துகளை வைக்க உதவும் ஷிப்ட் விசை 1878இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் பொறியில்தான் சேர்ந்தது. மேல் வரிசையின் முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்துப் படித்து 'குவெர்ட்டி' என்று அழைக்கப்படும் ஒழுங்கு அதே காலத்தில் நிலைபெற்றது.

தட்டச்சு செய்வோரின் வேகத்தைக் குறைக்கவே இந்த ஒழுங்கு இப்படிக் குலைத்து அமைக்கப்பட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அடுத்தடுத்து அடிக்கப்படும் எழுத்துகளின் அச்சுக் கைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாதிருக்க அவற்றைத் தள்ளி வைத்தார்கள் என்பது அக்கதையின் சற்றுத் திருந்திய வடிவம். ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் 'ஈ', 'ஆர்' எழுத்துகள் இரண்டும் குவெர்ட்டியில் அருகருகேதான் இருக்கின்றன. தந்தி அலுவலர்கள் மோர்ஸ் ஒலிகளைக் கேட்டு எழுத்தாக்கிய முறையே இந்த ஒழுங்கை வடிவமைத்தது என்று கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வாதிட்டனர். விவாதம் முடிந்துவிடவில்லை. எப்படியிருந்தாலும், விரல்களின் இயல்பை அளந்து பார்த்துக் குவெர்ட்டி அமைக்கப்படவில்லை என்பதில் ஐயமில்லை. இன்றும் நம் பலகையில் விசைகள் நேர்க்குத்தாக இல்லாமல் வரிசைக்கு வரிசை சற்றுச் சரிந்து நிற்கின்றன. பழைய பொறியில் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு நெம்புகோல் போக இடம் வேண்டியிருந்தது. நெம்புகோல் போய்விட்டது, சரிவு மட்டும் தங்கிவிட்டது.

விரல்களை அளந்து செய்த ஒழுங்கு அமெரிக்காவில் பின்னர் வந்தது. ஆகஸ்ட் டுவோராக் தம் உறவினர் வில்லியம் டீலியுடன் 1936இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் உயிரெழுத்துகள் ஐந்தும் இடக்கையின் நடு வரிசையில் இருந்தன. அதிகம் வரும் மெய்கள் வலக்கையின் நடு வரிசையில் இருந்தன. ஒரு கை, மறு கை என்று மாறி மாறி அடிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அது வெற்றி பெறவில்லை. 1956இல் அமெரிக்க அரசுக்காக ஏர்ல் ஸ்ட்ராங் நடத்திய சோதனையில், குவெர்ட்டி பழகியவர்களைப் புதிய ஒழுங்குக்கு மாற்றுவதைவிட அவர்களுக்குக் குவெர்ட்டியிலேயே கூடுதல் பயிற்சி கொடுப்பது மேல் என்று தெரிந்தது. நல்ல ஒழுங்கு என்பது ஒன்று, ஏற்கெனவே பழகியவரை மாற்றுவது வேறொன்று. தமிழிலும் இதே கதை பின்னர் நடந்ததால் இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

முத்தையாவின் பொறி

தமிழில் 247 எழுத்துகள். தட்டச்சுப்பொறியிலோ ஷிப்டையும் சேர்த்து ஏறத்தாழ 90 வடிவங்களுக்குத்தான் இடம். இந்தக் கணக்கைத் தீர்த்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, இளமையிலேயே மலாயா சென்று அங்கே வணிக நிறுவனத்தில் பணிபுரிந்தவர். ஆங்கிலத் தட்டச்சுப்பொறி அலுவலகத்தில் என்ன செய்கிறது என்பதை நாள்தோறும் பார்த்தவர் அவர். தமிழுக்கும் அது வேண்டும் என்று முயன்று விசை ஒழுங்கை வகுத்தார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த சைடல் அண்ட் நவ்மான் நிறுவனத்தின் பொறிகளில் அந்த எழுத்துகள் ஏறின.

முத்தையா செய்த முக்கியமான வேலை எழுத்துகளைத் துண்டாக்கியது. கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை எழுத்துக்கு முன்னோ பின்னோ தனியாக நிற்பதால் அவற்றுக்குத் தனி விசை போதும். சிக்கல் புள்ளியிலும் இகர ஈகாரக் குறிகளிலும் வந்தது. அவை எழுத்தின் தலைமேல் ஏற வேண்டும். இதற்காக 'நகரா விசை' பயன்பட்டது. அதை அடித்தால் குறி தாளில் விழும், ஆனால் தாள் ஏந்திய உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில், குறிக்குக் கீழே வந்து பொருந்தும். கையால் எழுதும்போது முதலில் எழுத்து, பிறகு புள்ளி. பொறியில் முதலில் புள்ளி, பிறகு எழுத்து. உகரம் ஏறிய எழுத்துகளோ ஒன்றுக்கொன்று ஒட்டாத வடிவம் உடையவை: கு ஒரு வகை, து ஒரு வகை, பு வேறொரு வகை. அவற்றைத் துண்டாக்க முடியாததால் முழு எழுத்தாகவே விசைகளில் வைக்க வேண்டியிருந்தது.

இந்த முறையின் கணினி வாரிசாக இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவிய பாமினி எழுத்துருவின் விசைகளைப் பார்த்தால் ஒழுங்கு தெளிவாகும். நடு வரிசையில் இடமிருந்து வலமாக ய, ள, ன, க, ப, கால், த, ம, ட, புள்ளி என்று வருகின்றன. க விசையை ஷிப்டுடன் அடித்தால் கு. த விசையில் து. ம விசையில் மு. முதலில் பயமுறுத்தும் பலகைதான், ஆனால் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். தொண்ணூறுகளில் தமிழ் மின்னஞ்சல் பெற்றவர்களுக்கு இந்தக் காட்சி நன்கு தெரியும்.

தமிழ்நாட்டில் இந்த முறையை நிலைநிறுத்தியவை தட்டச்சுப் பயிலகங்கள். பேருந்து நிலையத்துக்கு அருகிலோ கடைத்தெரு மாடியிலோ நாலைந்து பொறிகளுடன் இயங்கிய இந்தப் பயிலகங்களில், பள்ளி முடித்த பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் வந்து அடித்துப் பழகினார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை நடத்தியது. அந்தச் சான்றிதழ் இருந்தால் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் பலர் அரசு வேலைக்குள் நுழைந்த வாசல் இது என்பதை, இம்முறையைப் பழையது என்று ஒதுக்குவோர் மறந்துவிடுகிறார்கள். இலங்கையில் இதன் உறவான ரெங்கநாதன் விசைப்பலகை நிலைபெற்றது. அந்நாட்டின் தமிழ்க் கணிமைத் தரமும் அதையே ஏற்றது.

காதுக்கு வசதியான முறை

1980களில் கணினி வீட்டுக்கு வரத் தொடங்கியபோது தமிழ் மென்பொருளை எழுதியவர்களில் பலர் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனவர்கள் அல்லர். பொறியாளர்கள், அறிவியலாளர்கள், வெளிநாடு சென்றவர்கள். கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' என்ற செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் 'முரசு' மென்பொருளை வளர்த்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கி, தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரானார். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின்னிருந்த உழைப்பு அவருடையது.

இவர்களிடமும் இவர்களைப் பின்பற்றியவர்களிடமும் ஏற்கெனவே பழகிய ஒரு பலகை இருந்தது: ஆங்கிலப் பலகை. அதிலேயே ஒலியை அடித்தால் தமிழ் வரட்டும் என்பது இயல்பான எண்ணம். முரசு அஞ்சல் முறையில் 'ஏ' விசையும் இரண்டு 'எம்' விசையும் மீண்டும் இரண்டு 'ஏ' விசையும் அடித்தால் 'அம்மா' வரும். எதையும் புதிதாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அல்லது தேவையில்லை என்று தோன்றும். ஏனென்றால் ஆங்கிலத்தில் 'எல்' ஒன்றுதான். தமிழில் ல, ள இரண்டு. 'என்' ஒன்றுதான், தமிழில் ந, ன, ண மூன்று. ஆகவே ள, ண, ற ஆகியவற்றுக்கு ஷிப்ட் வேண்டியிருக்கிறது. ந தனியாக வேண்டும்போது 'டபிள்யூ' விசையை அடிக்க வேண்டும். இதையெல்லாம் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பின்னர் எ-கலப்பை போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இம்முறையை வலைப்பதிவு எழுதுவோரிடம் கொண்டு சேர்த்தன. இன்று கைப்பேசியில் தமிழ் எழுதும் பலருக்கும் இதுவே பழக்கம்.

இதில் ஓர் இழப்பு இருக்கிறது. தமிழ்ச் சொல்லை எழுதும்போது மனத்தில் முதலில் அதன் ஆங்கில எழுத்துக் கோவை தோன்றி, பிறகே தமிழ் வடிவம் வருகிறது. மொழியறிந்த பெரியவருக்கு இது பொருட்டல்ல. எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ல-ள வேறுபாட்டை ஆங்கிலச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடாகக் கற்பிப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

மத்திய அரசின் மின்னணுவியல் துறை 1980களின் பிற்பாதியில் கொண்டுவந்த இன்ஸ்கிரிப்ட் வேறொரு திசையில் யோசித்தது. இந்திய எழுத்துமுறைகள் எல்லாவற்றிலும் ககரம் ஒரே விசையில், மகரம் ஒரே விசையில். இந்தி கற்றவர் கன்னடத்திலும் அடிக்கலாம். பல மொழிகளில் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் தமிழில் வர்க்க எழுத்துகள் இல்லை. இந்தியில் நான்கு எழுத்துகள் நிரப்பும் இடத்தில் தமிழுக்கு ஒன்றுதான். ஆகவே பல விசைகள் வெறுமையாகக் கிடக்க, தேவையான எழுத்துகள் ஷிப்டுக்குப் பின்னால் நிற்கின்றன. தமிழ் மட்டும் எழுதுபவருக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் ஏதும் இல்லை.

தமிழ்99

தொண்ணூறுகளின் இறுதியில் நிலைமை இதுதான்: ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் எழுத்துக் குறியேற்றம், ஒரு விசை ஒழுங்கு. ஓர் அச்சகத்தில் கற்ற வேலை அடுத்த அச்சகத்தில் உதவாது. இதை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் தமிழ்க் கணிமையில் உழைத்தவர்கள் வந்தனர். அங்கே முன்வைக்கப்பட்ட விசைப்பலகையை அதே ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. அதுவே தமிழ்99. நா. கோவிந்தசாமி அந்த ஆண்டிலேயே மறைந்தார்.

தமிழ்99 எழுத்துகளைத் துண்டாக்குவதில்லை. குழந்தை அரிச்சுவடியில் கற்பதுபோல உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. ககர விசையை அடித்து ஒகர விசையை அடித்தால் கொ. கொம்பு முன்னால் நிற்கிறதா, கால் பின்னால் நிற்கிறதா என்பது எழுதுபவரின் கவலையன்று. உயிர்கள் இடக்கையில், மெய்களில் வகரமும் ஙகரமும் தவிர மற்றவை வலக்கையில். இடக்கையின் நடு வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. வலக்கையின் நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய. தமிழ்ச் சொல் பெரும்பாலும் மெய், உயிர், மெய், உயிர் என்றே நடப்பதால் கைகள் இரண்டும் மாறி மாறி வேலை செய்கின்றன. டுவோராக் ஆங்கிலத்துக்குச் செய்ய முயன்றதைத் தமிழ் தன் இயல்பிலேயே எளிதாகக் கொடுத்துவிடுகிறது.

இதன் சிறப்பான பகுதி தானாக விழும் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதில் புள்ளி தானே ஏறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ந-வும் த-வும் அடித்தால் 'ந்த'; ங-வும் க-வும் அடித்தால் 'ங்க'. நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினமே மிகுதியாக வரும் என்னும் இலக்கணச் செய்தி இங்கே விரல் உழைப்பைக் குறைக்கிறது. 'தந்தை' என்ற சொல்லுக்கு நான்கு விசைகள் போதும்: த, ந, த, ஐ. ஒலிபெயர்ப்பில் அதற்கு எட்டு.

நீண்ட சொல் ஒன்றையும் எண்ணிப் பார்க்கலாம். 'வந்துகொண்டிருந்தான்' என்பதற்குத் தமிழ்99இல் 16 அடிகள், ஷிப்ட் இல்லை. ஒலிபெயர்ப்பில் 19 அடிகள், ஒரு ஷிப்ட். பாமினியில் 17 அடிகள், இரண்டு ஷிப்ட். இந்த எண்ணிக்கையைப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்தையா வழிவந்த முறை தமிழ்99க்கு வெகுவாகப் பின்தங்கவில்லை. தட்டச்சுப்பொறி முறை மெதுவானது என்று பொதுவாகச் சொல்லப்படுவது சரியன்று. அதில் தேர்ந்த தட்டச்சரின் வேகத்தை ஈடுகட்டப் புதியவருக்கு நெடுநாள் ஆகும். வேறுபாடு இருப்பது கற்பதில். ஓரிடத்தில் ஏறத்தாழ 90 வடிவங்களின் இடம் நினைவில் நிற்க வேண்டும், மற்றதில் 31 எழுத்துகளும் ஒரு புள்ளியும். வேறொரு வேறுபாடும் உண்டு. தமிழில் மிக அதிகமாக வரும் குறிகளில் ஒன்றான புள்ளி, பாமினியில் வலக்கைச் சுண்டுவிரலின் கீழ் இருக்கிறது. ஐந்து விரல்களில் வலுக் குறைந்தது அது. தமிழ்99இல் அது இடக்கைச் சுட்டுவிரலின் கீழ் இருக்கிறது, அதுவும் பாதி இடங்களில் அடிக்கவே தேவையின்றி.

தமிழ்99இலும் குறை இல்லாமல் இல்லை. ண, ச, ஞ, ந, ய, ழ ஆறும் வலக்கைச் சுண்டுவிரலின் பங்கில் விழுகின்றன. சகரமும் யகரமும் குறைவாக வரும் எழுத்துகள் அல்ல. நாள் முழுதும் அடிப்பவருக்கு வலக்கையின் வெளி ஓரத்தில் அயர்ச்சி தோன்றுவது இதனால்தான். தானாக விழும் புள்ளியும் சில சொற்களில் இடறும். 'மமதை' என்று எழுத நினைத்து மகரத்தை இருமுறை அடித்தால் 'ம்ம' ஆகிவிடும். இடையில் அகர விசையை அடித்துப் பிரிக்க வேண்டும்.

தரம் அறிவித்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தமிழ்99 எல்லாரிடமும் போய்ச் சேரவில்லை. காரணம் ஒழுங்கில் இல்லை. அரசே தமிழ்99ஐத் தரமாக அறிவித்த பிறகும் தட்டச்சர் வேலைக்கான தேர்வு பழைய பொறியில்தான் தொடர்ந்து நடந்தது. வேலை வேண்டுபவர் எதைக் கற்பார்? வேலைக்குத் தேவையானதைத்தான் கற்பார். மறுபுறம், வேலைக்காக இல்லாமல் விருப்பத்துக்காகத் தமிழ் எழுதியவர்களுக்கு ஒலிபெயர்ப்பு அன்றைக்கே கைகொடுத்தது. தமிழ்99 பதினைந்து நாள் பொறுமையைக் கேட்டது. இரண்டு பக்கமும் இப்படி அடைபட்டதால், இடையில் நின்ற எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கலைக்களஞ்சியத் தொகுப்பாளர்கள் போன்றோரிடமே அது அதிகம் பரவியது.

எதைத் தேர்வது

தட்டச்சர் பணித் தேர்வு எழுதப் போகிறவர் தட்டச்சுப்பொறி முறையையே கற்க வேண்டும். இதில் விருப்பத்துக்கு இடமில்லை. வாரம் ஒருமுறை நாலு வரி எழுதுபவருக்கு ஒலிபெயர்ப்பு போதும். நாள்தோறும் பக்கக் கணக்கில் எழுதுபவர், இன்னும் எந்தப் பழக்கமும் ஊன்றாத மாணவர், இவர்கள் இருவருக்கும் தமிழ்99தான் தக்கது. ஏற்கெனவே பாமினியில் வேகமாக அடிப்பவர் மாறத்தான் வேண்டுமா? கையில் வலியோ வேறு தேவையோ இல்லாவிட்டால் வேண்டியதில்லை. இன்றைய மென்பொருள்கள் அவர் பழகிய விசைகளிலேயே ஒருங்குறித் தமிழைக் கொடுக்கின்றன.

எழுத்து ஒழுங்கை முடிவு செய்த பிறகே பலகை வாங்கச் செல்ல வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தமிழ்99 எழுதுபவர் பார்க்க வேண்டியது பலகையின் வலது ஓரம். ச, ஞ, ய, ழ எழுத்துகள் அமரும் அடைப்புக்குறி, மேற்கோள், சாய்கோடு விசைகள் முழு அகலத்தில் இருக்க வேண்டும். சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் இடத்தை மிச்சப்படுத்த இந்த விசைகளைத்தான் குறுக்கியிருப்பார்கள். ஆங்கிலம் எழுதுபவருக்கு அது உறுத்தாது, தமிழ்99 எழுதுபவருக்கு ஒவ்வொரு வரியிலும் தடுக்கும். தட்டச்சுப்பொறி முறையில் எழுதுபவருக்கு ஷிப்ட் ஓயாமல் தேவை. இடப்பக்க ஷிப்ட் நீளமாக உள்ள அமெரிக்க வகைப் பலகை அவருக்கு ஏற்றது. பிரித்தானிய வகையில் அந்த ஷிப்டைக் குட்டையாக்கி, பக்கத்தில் வேறொரு விசையை நுழைத்திருப்பார்கள். ஒலிபெயர்ப்பில் எழுதுபவருக்கும் ள, ண, ற காரணமாக இது ஓரளவு பொருந்தும்.

மற்றவை எல்லா மொழியினருக்கும் பொதுவானவை. மேசைக் கணினிப் பலகையில் விசை மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் வரை கீழிறங்கும். மடிக்கணினியில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். குறைவாக இறங்கும் விசையில் விரல் அடித்தளத்தில் மோதுவது அதிகம். ஒவ்வோர் விசைக்கும் தனி வில் கொண்ட இயந்திரப் பலகைகள் விலை கூடியவை, சத்தம் போடுபவை. ஆனால் நெடுநாள் உழைக்கும். இந்திய அலுவலகங்களிலும் கடைகளிலும் நெடுங்காலமாகக் காணப்படும் டிவிஎஸ் கோல்டு இந்த வகைதான். வீட்டில் மற்றவர் உறங்கும் வேளையில் எழுதுபவர் அதைத் தவிர்ப்பது நல்லது. பலகையின் பின்பக்கக் கால்களை நிமிர்த்தி வைப்பது வசதி என்று நினைக்கிறார்கள். அது மணிக்கட்டை மேல்நோக்கி மடக்குகிறது. கால்களை மடித்து, முழங்கை மேசை உயரத்துக்கு வரும்படி நாற்காலியைச் சரிசெய்தால் பாதி வலி குறையும். எண்கள் அதிகம் தேவைப்படாதவர் வலப்பக்க எண் பகுதி இல்லாத பலகையை வாங்கினால் சுட்டி கைக்கு அருகில் வரும்.

தமிழ் எழுத்து ஒட்டிகளை வாங்கி விசைகளின் மேல் ஒட்டுவது பலருடைய முதல் வேலை. முதல் வாரத்துக்கு அது உதவும். அதன்பின் கண் பலகையை விட்டு நகராமல் செய்வதும் அதுதான். விசைப்பட விளக்கத்தை அச்சிட்டுத் திரைக்கு அருகில் வைத்துக்கொண்டால் தலை நிமிர்ந்திருக்கும், விரலும் தடவிப் பழகும். எஃப், ஜே விசைகளின் மேல் உள்ள சிறு மேடுகள் அதற்காகவே இருக்கின்றன. தமிழ்99இல் அவை புள்ளியும் பகரமும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இப்போது தமிழ்99 கிடைக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி நடப்பதில்லை. விசைக்கு எழுத்து என்று மட்டும் வகுத்த எளிய வடிவங்களில் தானாகப் புள்ளி விழாது. அதை வைத்துத் தமிழ்99ஐ மதிப்பிட்டுக் கைவிட்டவர்கள் உண்டு. புதிய கணினியில் தொடங்கும் முன் 'பப்பாளி' என்ற சொல்லை ப, அ, ப, ப, ஆ, ள, இ என்று அடித்துப் பார்க்கலாம். சொல் சரியாக வந்தால் அந்த வடிவம் முழுமையானது. 'பஅபபாளி' என்று வந்தால் வேறு மென்பொருளைத் தேட வேண்டும்.